ரிப்பன் கட்டிய மைக்ராஸ்கோப்

தர்மம் செய்கிறவர்களில் பல ரகம் உண்டு. சத்தமில்லாமல் செய்கிறவர்கள், செய்துவிட்டு மறந்துபோகிறவர்கள். இவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நாம் பார்க்கப்போவது ‘திறந்துவைக்கும் தர்மவான்’. கோவைப் பக்கம் மழைக்குப் பஞ்சம் வந்தாலும் இந்த ரகத்துக்கு வருவதில்லை.

சூலூர் நூற்பாலை முதலாளி லட்சுமணசாமியையே எடுத்துக்கொள்ளுங்கள். போன வருஷம் அவருடைய கம்பெனியும் உக்கடத்தில் ஓர் அறக்கட்டளைக் கண் மருத்துவமனையும் சேர்ந்து, குழந்தைகளின் பார்வையிழப்பைத் தடுப்பதென்று ஒப்பந்தம் போட்டன. ஒப்பந்தம் ஒரு பக்கம். கையெழுத்துப் போடும்போது எடுத்த படங்கள் நாற்பது. அன்றிலிருந்து மில் கேன்டீனில் தினமும் கேரட் பொரியல், காலண்டரில் பன்னிரண்டு மாதமும் குழந்தையின் கண், பேரனின் காதுகுத்துப் பத்திரிகையின் பின்பக்கத்தில்கூட வைட்டமின் ஏ. மனிதர் கெட்டவரா? இல்லவே இல்லை. பச்சைக் குழந்தையைப் பார்த்தால் கண் கலங்கிவிடும். கலங்குவதற்கு முன் போட்டோகிராபர் வந்துவிட்டாரா என்று ஒரு பார்வை பார்ப்பார், அவ்வளவுதான்.

குழந்தைகளின் கண் அறுவை சிகிச்சைக்கென்று கம்பெனி வாங்கிக் கொடுத்த மைக்ராஸ்கோப் ஆடி பிறந்த வாரத்தில் மருத்துவமனையில் வந்து இறங்கியது. அவர் ஆள் அனுப்பி அதற்குச் சிவப்பு ரிப்பன் கட்டவைத்தார். திறப்பு விழா வரை யாரும் தொடக்கூடாதென்று உத்தரவு. மூன்றாம் நாள் அந்த மருத்துவமனையின் டாக்டர் சாஜிதா பேகம் அவருடைய ஆபீசுக்கு வந்தார். கூடவே கருமத்தம்பட்டி விசைத்தறியில் வேலை செய்யும் லோகப்பிரியா, தோளில் இரண்டு மாதக் குழந்தை.

“ரெண்டு கண்ணுலயும் பிறவிப் புரைங்க சார். இந்த வாரமே எடுக்கோணும். இப்பப் பார்க்காத கண்ணு, அப்புறம் பார்க்கக் கத்துக்காதுங்க. பழைய மைக்ராஸ்கோப்புல இத்தனை சின்னக் கண்ணுக்குச் செய்ய முடியாது.”

லட்சுமணசாமி நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“செஞ்சுபோடலாமுங்க டாக்டரம்மா. ஆனா ஆடியில போயி புதுசைத் தொடங்குவாங்களா? ஆவணி மொத முகூர்த்தத்துல வெச்சுக்கலாம். இந்தப் பாப்பாதான் மொதக் குழந்தைன்னு மேடையிலேயே அறிவிச்சுபோடுறேன்.”

“அஞ்சு வாரமாகுமுங்க.”

“நாள் பார்த்துச் செஞ்சா நல்லா விளங்குமுங்க.”

“புள்ள இன்னும் என் மூஞ்சியவே பார்க்கலீங்க அய்யா” என்றாள் லோகப்பிரியா.

“ஆவணியில பார்க்கும் அம்மணி” என்று ஆறுதல் சொல்லிவிட்டு, சால்வைக்கு ஆர்டர் கொடுக்கப் போனை எடுத்தார்.

ஆவணி வந்தது. பந்தல் வந்தது, நாதஸ்வரம் வந்தது, வெள்ளிக் கத்தரிக்கோலும் வந்தது. ரிப்பனை வெட்டிவிட்டு மேடையேறிய லட்சுமணசாமி, “இன்னிக்கு இந்தக் குழந்தையோட இருட்டு விலகப் போகுதுங்க!” என்று முழங்கி, ஒரு கையில் கத்தரிக்கோலோடு மறுகையில் குழந்தையை வாங்கினார். அதன் முகத்தில் குட்டியாக ஒரு தடித்த கண்ணாடி. கத்தரிக்கோல் போன பக்கமெல்லாம் குழந்தையின் பார்வையும் போயிற்று.

அவர் மைக்கை விட்டு விலகி, பக்கத்தில் நின்ற டாக்டரிடம் குனிந்தார். “ஏனுங்க டாக்டரம்மா, இன்னும் ஆபரேஷனே ஆகலையே, எப்படிங்க பார்க்குது?”

“உங்களைப் பார்த்துட்டு வந்த மறுநாளே செஞ்சுட்டோமுங்க. ரிப்பனை அன்னிக்கே வெட்டியாச்சு. இது நேத்து நான் கட்டுனதுங்க.”

“அப்ப நான் தொறந்து வெச்சது?”

“விழாவுங்க.”

குழந்தை அவர் மூக்கைப் பார்த்துச் சிரித்தது. ஒரு நிமிஷம், முழுதாக ஒரு நிமிஷம், அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார்:

“அன்னிக்கு யாராச்சும் போட்டோ எடுத்தீங்களா?”

சிரித்துவிட்டீர்களா? நல்லது. போன பிறந்தநாளுக்குக் குழந்தைகள் இல்லத்தில் சாப்பாடு போட்டீர்களே, அந்தப் படத்தைக் கைபேசியில் கொஞ்சம் எடுங்கள். இலையில் சோறு ஆவி பறக்கிறது. குழந்தைகள் சாப்பிடுகிறார்களா, நீங்கள் சிரித்து முடிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களா?