தனியாகத்தான் போனேன், சம்பந்தி!

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் எல்லோரும் நலம். அங்கே உங்கள் முழங்கால் உட்பட அனைவரும் நலம் என்று நம்புகிறேன். திரும்பும் பேருந்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எழுத்து ஆடினால் அது சாலையின் குற்றம்.

நம் பேத்திக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த அன்று, "அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க நான் போறேன். சம்பந்தி தெருமுனை தாண்டினா நாமதான் தேடணும்" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னீர்கள். நானும் சிரித்துவைத்தேன். ஆனால் மறக்கவில்லை. இன்று காலை, வெள்ளோட்டமாக அந்த நகரத்துக்குத் தன்னந்தனியாகப் பேருந்து ஏறிவிட்டேன். கைபேசியை வேண்டுமென்றே வீட்டில் வைத்தேன். இல்லாவிட்டால் உங்கள் சம்பந்தியம்மா நிறுத்தத்துக்கு நிறுத்தம் வழி சொல்வாள். ஒருவரிடமும் வழி கேட்கவில்லை. தூரத்தில் தெரிந்த கோபுரத்தைக் குறிவைத்து நடந்தேன். அது தீயணைப்பு நிலையம். அதனால் என்ன, பெண்பிள்ளை தங்கப்போகிற ஊரில் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லதுதானே? பிறகு பல்கலைக்கழகம் தானாகவே எதிரில் வந்தது. பழைய கற்சுவர்கள், வளைவு வாசல், உள்ளே பெரிய புல்வெளி. எல்லோரும் ஓரமாகச் சுற்றிப்போக, நான் குறுக்கே நடந்தேன். தோட்டக்காரர் ஓடிவந்தார்.

"ஐயா, புல்லுல பேராசிரியருங்க மட்டும்தான் நடக்கலாம். நீங்க...?"

"ரிட்டயர் ஆயிட்டேன்ப்பா."

உண்மைதானே? எங்கிருந்து என்று அவரும் கேட்கவில்லை, குடிநீர் அலுவலகத்திலிருந்து என்று நானும் சொல்லவில்லை. "மன்னிச்சுக்கங்க ஐயா" என்று ஒதுங்கினார். மீதிப் புல்லையும் நிதானமாக நடந்து முடித்தேன்.

அடுத்து மாணவியர் விடுதி. விடுமுறை என்பதால் காலி. காப்பாளரம்மா வாசலிலேயே மறித்தார். "பேத்தி வரப்போறாம்மா. தண்ணி எப்படி வருதுன்னு பாக்கணும்" என்றேன். கூடவே வந்தார். ஒரு குழாய் விடாமல் திறந்தேன். மாடியில் ஒரு குழாயின் பிடி கையோடு வந்துவிட, தலையிலிருந்து கால்வரை நனைந்தேன். காப்பாளரம்மா துண்டு கொடுத்துவிட்டுச் சொன்னார்: "எத்தனையோ பேர் வந்து பாத்திருக்காங்க. குழாயைத் திறந்து பாத்த தாத்தா நீங்க ஒருத்தர்தான்." இதை நீங்கள் இரண்டு முறை படிக்கலாம்.

ஈரச் சட்டையோடு அந்த வளைவு வாசலில் நின்றேன். நம் இரண்டு குடும்பத்திலும் இப்படியொரு வாசலுக்குள் படிக்கப்போகிற முதல் ஆள் அவள். பெருமையில் கண் கலங்கிவிட்டது. அவள் உங்களுக்கும் பேத்திதான் என்பதை அந்த நேரத்தில் பெரிய மனதோடு ஒப்புக்கொண்டேன்.

திரும்புவதிலும் குழப்பமில்லை. காலையில் இறங்கிய அதே இடத்தில், அதே பச்சைப் பேருந்தில் ஏறினேன். "கடைசி நிறுத்தம்" என்று கம்பீரமாகச் சொன்னேன். நடத்துநர் மறுபேச்சில்லாமல் சீட்டுக் கிழித்தார். ஆகவே, பேத்தியை யார் கூட்டிப்போவது என்ற பேச்சு இத்துடன் முடிந்தது.

உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் முழங்காலுக்கு என் ஆறுதல்.

இப்படிக்கு,
வழி தெரிந்த சம்பந்தி

பின்குறிப்பு: கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன். நடத்துநர் எழுப்பி இறக்கிவிட்ட கடைசி நிறுத்தம் உங்கள் ஊர். காலையில் நான் வந்த பச்சைப் பேருந்து அந்த நகரத்தைத் தாண்டி இங்கேதான் வருமாம்; என் ஊருக்குத் திரும்ப எதிர்ப்பக்கத்தில் ஏறியிருக்க வேண்டுமாம். உங்கள் வீட்டுக்கு வழியில் பார்த்த எல்லோரிடமும் வழி கேட்டு வந்தேன். கடிதத்தைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். மணி அடிப்பது நான்தான், திறங்கள். முதலில் என் வீட்டுக்கு ஒரு போன் போட வேண்டும். பேத்தியை இருவருமாகவே கூட்டிப்போவோம். நீங்கள் வழியைப் பாருங்கள், குழாயை நான் பார்த்துக்கொள்கிறேன்.