வாசலில் நின்ற சபை

தமிழ் ஆராதனைக்கு ஆபத்து என்ற செய்தியை ஞானமணியம்மாள் காய்கறிக் கூடையோடு சேர்த்துக் கொண்டுவந்து அசரியாவின் வீட்டு வாசலில் இறக்கினார். சித்தூர் மிஷன் கோயிலில் ஞாயிறு காலை தமிழ் ஆராதனை, அது முடிந்ததும் தெலுங்கு ஆராதனை. இனி கொஞ்ச நாளைக்கு இரண்டிலும் ஆள் எண்ணப் போகிறார்களாம். எதற்கென்று கோயில் கமிட்டியின் அறிவிப்பில் இல்லை. கேட்க யாருக்கும் தோன்றவும் இல்லை.

"எதுக்கு எண்ணுவாங்க? கம்மியா வர்றத மூடத்தான் அண்ணே," என்றார் ஞானமணி.

அசரியாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ரயில்வே வேலையில் எந்தெந்த ஊரிலோ குப்பை கொட்டிவிட்டு, ஓய்வுபெற்றதும் இந்தக் கல்கோயிலுக்காகவே சித்தூருக்குத் திரும்பியவர் அவர். அங்கேதான் அவருக்கு ஞானஸ்நானம், அங்கேதான் கல்யாணம். மனைவி கிருபாவதி பாடகர் குழுவில் ஒரு தூணோரமாக நின்று பாடுவார். அவர் இறந்து வருஷங்கள் ஆகியும், கீர்த்தனையின் இரண்டாம் அடி வந்தால் அந்தத் தூண் பக்கம் அசரியாவின் காது தானாகத் திரும்பும். இதை யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் மகள் லீனா டாக்டரிடம் கூட்டிப்போய்விடுவாள்.

எண்ணும் பொறுப்பு கோயில் வாட்ச்மேன் சிட்டிபாபுவுடையது. கண்மூடி ஜெபிக்கிறவர்கள் நடுவே புகுந்து தலை எண்ணுவது அழகல்ல என்று, வாசலில் கிடக்கும் செருப்புச் சோடிகளை எண்ணிக்கொண்டு டீ குடிக்கப் போய்விடுவார். எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே உள்ளே போகிறார்கள்!

இரண்டாம் வாரம் அசரியா கணக்கை விசாரித்தார். தமிழ் ஆராதனைக்கு வந்த கூட்டம் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கும் என்றது கணக்கு.

"உள்ள பெஞ்சு ரொம்பி இருந்துச்சேப்பா," என்றார்.

"லெக்க தப்பாது சார். வெயில்ல நின்னுகினு எண்ணினேன்."

கணக்கு தப்பவில்லைதான். போன அறுப்பின் பண்டிகையில் புதுச் செருப்புகள் சில காணாமல் போனதிலிருந்து, தமிழ் ஆராதனைக்கு வரும் பெரியவர்கள் செருப்பைக் கழற்றித் துணிப்பையில் போட்டு பெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொள்கிறார்கள். அந்த யோசனையைச் சொன்னவரே அசரியாதான். அவர் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு வீடு வீடாகப் போய்க் கெஞ்சி, எல்லோரையும் செருப்பை வெளியே விடவைத்தார். பாதிப் பிரசங்கத்தில் ஒரு நாய் வந்து ஞானமணியின் வலது கால் செருப்பை மட்டும் கவ்விக்கொண்டு போய்விட்டது. அந்த அம்மாள் கொதிக்கிற தார் ரோட்டில் நொண்டிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தார். மறுவாரம் கோபத்தில், தன் தங்கைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு தெலுங்கு ஆராதனைக்குப் போய் உட்கார்ந்தார். இந்தப் பக்கம் குறைந்தது, அந்தப் பக்கம் கூடியது.

அப்போதுதான் அசரியா பரணில் ஏறினார். கிருபாவதியின் பழுப்புச் செருப்பு அங்கே காகிதத்தில் சுற்றிக் கிடந்தது. வார் தைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். தூக்கிப்போட மனம் வராமல் வைத்திருந்தது, இப்போது ஒரு வேலைக்கு ஆயிற்று.

தெரிந்த வீடுகளிலெல்லாம் பழைய செருப்பு கேட்டார். அவரைப் போலவே பலரும் தூக்கிப்போடாமல் வைத்திருந்தார்கள். சண்டே ஸ்கூல் டீச்சரின் குதிகால் தேய்ந்த செருப்பு வந்தது. வேலை தேடிச் சென்னைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட பையன்களின் கான்வாஸ் ஷூக்கள் வந்தன. செய்தி கேட்டுத் திருப்பதியிலிருந்து லீனா தன் ஹாஸ்டல் தோழிகளின் செருப்புகளை மூட்டையாகக் கட்டி பஸ்ஸில் தூக்கிவந்தாள்.

"செருப்ப எண்ணினா செருப்புதான் நைனா தெரியும், ஆளு எப்படித் தெரியும்?" என்றாள்.

"அவனுக்குத் தெரிய வேணாம். கமிட்டிக்குத் தெரிஞ்சாப் போதும்," என்றார் அசரியா.

ஞாயிறு விடிந்ததும் சாக்கோடு போய்ப் படியிலிருந்து கேட் வரைக்கும் பரப்பிவிட்டு வருவார். கடைசிக் கீர்த்தனை பாடும்போது நைசாக வெளியே வந்து வாரிக்கொள்வார். பொய் என்று அவருக்குத் தெரியும். ஆனால் காலை வெயிலில் அந்த வரிசையைப் பார்க்கும்போது, சிறுவயதில் பார்த்த சபை முழுவதும் உள்ளே போயிருப்பதாகவே தோன்றும். டீச்சர் வந்திருக்கிறார், பையன்கள் வந்திருக்கிறார்கள், முதல் படியில் பழுப்புச் செருப்பை விட்டுவிட்டுக் கிருபாவதியும் உள்ளே போயிருக்கிறாள். அந்த வாரங்களில் அவர் மிகவும் சந்தோஷமாக இருந்தார்.

உள்ளே பெஞ்சுகளில் அதே பெரியவர்கள்தான். வெளியே கணக்கு மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. கமிட்டிக்காரர்கள் அசரியாவைக் கண்டால் நின்று கும்பிடத் தொடங்கினார்கள். தமிழ்க்காரர்களிடம் புது விசுவாச எழுப்புதல் வந்துவிட்டது என்று தெலுங்குச் சபையில் பேசிக்கொண்டார்கள். ஞானமணியம்மாளும் கோபம் தீர்ந்து, தங்கைகளோடு திரும்பி வந்துவிட்டார்.

எண்ணிக்கை முடிந்த ஞாயிறு. அசரியா கடைசிச் சோடியைக் கையில் எடுத்தபோது, டீக்கடையிலிருந்து சிட்டிபாபு சிரித்துக்கொண்டே வந்தார். அசரியா சாக்கைக் காலுக்குப் பின்னால் தள்ளினார்.

"கமிட்டி நேத்தே முடிவு பண்ணிட்டாங்க சார். உங்க லெக்கதான் பெரிசு. தெலுங்கு சர்வீஸுக்கு உங்கள்ல பாதி கூட வரல."

அசரியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கையிலிருந்த பழுப்புச் செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அப்போ தமிழ் ஆராதனைய நிறுத்த மாட்டாங்க இல்ல?"

"நிறுத்தறதா? அப்படி யாருமே சொல்லலியே சார்! இந்த சின்ன கோயிலு யாருக்குப் பத்தும்னு பார்க்கத்தான் எண்ணச் சொன்னாங்க. கம்மியா வர்ற தெலுங்குக்காரங்க இங்கியே இருந்துக்குவாங்க, நீங்க இத்தினி பேரும் வர்ற ஞாயித்துக்கெழமைலேர்ந்து புத்தலப்பட்டு ரோட்ல கட்டிருக்கற பெரிய தகர ஹாலுக்குப் போயிடுங்க."