சாமி மேடையில் சிவப்பு விளக்கு

எங்கள் வீட்டில் நான் ஒரு திருப்புளியைக் கையில் எடுத்தால் போதும், மூன்று பேர் மூன்று அறைகளிலிருந்து "அத வச்சிட்டு உக்காரு" என்பார்கள். என் மனைவியும் அவர்களில் ஒருத்தி. கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே அம்மா அவளை உட்கார வைத்து முழுக் கதையையும் சொல்லிவிட்டார். (பீரோ சாவி எங்கே இருக்கிறது என்பதைக்கூட அதற்குப் பிறகுதான் சொன்னார்.) அம்மா சொல்லச் சொல்ல என் முட்டாள்தனம் வருடத்துக்கு வருடம் வளர்ந்துகொண்டே போகிறது. அதனால் நானே எழுதி வைத்துவிடுகிறேன். நடந்ததே போதுமான அளவுக்கு இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்பு, உட்புறச் சிறு பட்டணங்களுக்கும் தோட்டங்களுக்கும் அதிவேக இணையம் கொடுக்கப்போவதாக அரசாங்கம் சொன்னது. பெரிய நகரங்களில் யாரும் கேட்காமலே வீட்டுக்குள் வந்துவிடுகிற ஒன்று, எங்களிடம் வருவதற்கு மட்டும் ஒரு திட்டம், ஒரு அறிவிப்புப் பலகை, ஒரு கூட்டம் எல்லாம் தேவைப்பட்டது. எங்கள் தோட்டம் ஈஜோக் பட்டணத்திலிருந்து உள்ளே திரும்பி, செம்பனை மரங்களுக்கு நடுவே கொஞ்ச தூரம் போனால் வரும். கூட்டத்துக்கு வந்த அதிகாரி "தோட்டத்துக்கு ஒரு பிரதிநிதி வேண்டும்" என்று கேட்டார். முதலில் எழுந்த கை என்னுடையது. இரண்டாவது கை எழவே இல்லை.

அப்போது எனக்கு வயது இருபத்து நான்கு. கோலசிலாங்கூரில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை. கடையில் இணைய வயரும் விற்றோம் என்பதால் என்னை நானே பாதி இன்ஜினியர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வீடு வீடாகப் போய்ப் பெயர் எழுதினேன். தோட்டம் தனியார் நிலம் என்பதால் கம்பம் நட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். நிர்வாகம் தலைமை அலுவலகத்தைக் கேட்க வேண்டும். தலைமை அலுவலகம் யாரைக் கேட்டதோ, மாதங்கள் ஓடின. கடைசியில் கம்பங்கள் வந்தன. அலைந்தவன் என்ற முறையில் முதல் இணைப்பு எங்கள் வீட்டுக்கு என்று ஆனது. அந்த வாரம் நான் தோட்டத்துக்குள் நடந்த நடை இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

அதுவரை எங்களுக்குக் கைப்பேசியில் ஒழுங்காக லைன் கிடைத்த ஒரே இடம், பழம் ஏற்றும் மேடுதான். வெட்டிய செம்பனைக் குலைகளைக் கொட்டி வைத்து லோரியில் ஏற்றுகிற சிமெண்டு மேடு அது. அப்பா அங்கேதான் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் வீட்டுப்பாடம் அனுப்பியதும், வெளியூர் மருமகன்கள் மாமியாரிடம் நலம் விசாரித்ததும் அந்த மேட்டில் நின்றபடிதான்.

இனி அக்கா. மாலதி அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவர். பட்டப்படிப்பை முடித்துவிட்டு எண்ணெய் ஆலை அலுவலகத்தில் கணினியின் முன் உட்கார்ந்திருந்தார். ஆனால் அவருக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசிரியராக வேண்டும் என்றுதான் ஆசை. பயிற்சிக்கு மனுப்போட்டு, எழுத்துத் தேர்வு வரைக்கும் போய் இரண்டு முறை திரும்பி வந்தார். மூன்றாவது முறை நேர்முகத் தேர்வுக்கே கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு, இணையம் வழியாக. பத்தாங் காலியில் எங்கள் சித்தி வீட்டில் நல்ல லைன் உண்டு. முதல் நாளே அங்கே போய்த் தங்குவதென்று அக்கா புடவைகூட எடுத்து வைத்துவிட்டார்.

நான்தான் தடுத்தேன்.

"நம்ம வீட்டுக்கே ஃபைபர் வருது. நீ எதுக்குக்கா பத்தாங் காலிக்கு ஓடுற? தோட்டத்துல உக்காந்து பேசிக் காட்டு லா!"

"அதுக்குள்ள வந்துருமாடா?"

"நான் இருக்கேன்ல."

இந்த 'நான் இருக்கேன்ல' என்பதை எங்கள் வீட்டில் இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை. அக்காவுக்கு என் மேல் நம்பிக்கை இருந்தது என்பதுதான் இந்தக் கதையிலேயே எனக்குச் சிரிப்பு வராத இடம்.

வியாழக்கிழமை மத்தியானம் ஹஃபிஸ் என்ற இளைஞர் வந்து இணைப்பைக் கொடுத்தார். வாசல் பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதற்கும் சுவருக்கும் நடுவே நூடுல்ஸ் தடிமனில் ஒரு வயர். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. ஹஃபிஸ் அந்த வயரைத் தொட்டுக் காட்டி, "அபாங், இதை மட்டும் மடக்காதீங்க, இறுக்கிச் சுத்தாதீங்க. உள்ளே இருப்பது கண்ணாடி இழை" என்று அண்ணன் முறை வைத்து மலாயில் சொன்னார். நான் எல்லாம் தெரிந்தவன்போல் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவதில் கவனமாக இருந்ததால் அவர் சொன்னது மண்டையில் ஏறவில்லை. அன்று மாலை லயமே எங்கள் வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனது. இணையம் பறந்தது.

வெள்ளிக்கிழமை காலை அம்மாவுக்கு ஒரு குறை. "இவ்ளோ பேரு கண்ணு பட்டிருக்கு. செருப்பு கழட்டி வைக்கிற எடத்துல வேற இருக்கு."

எனக்கும் அது நியாயமாகப் பட்டது. புது மோட்டார் சைக்கிள் வாங்கினால் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். ஆயுத பூசைக்குப் புல்வெட்டும் இயந்திரத்துக்கே பொட்டு வைக்கிறோம். இத்தனை மாதம் அலைந்து கொண்டுவந்த இணையத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா? அதுவும் அக்காவுக்கு முக்கியமான நாள். பத்தரைக்குத்தான் ராகு காலம், அதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும் என்று அம்மா கணக்குப் பார்த்திருந்தார். எட்டரை மணிக்குப் பெட்டியைத் தூக்கிச் சாமி மேடையில் வைத்தேன். அங்கே பிளக்கும் இருந்தது. சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. மேடைக்கு மேலே மாவிலைத் தோரணம்.

வயர் வருகிற இடத்துக்குப் பக்கத்திலேயே மேடை இருந்ததால் வயர் மிச்சமாகித் தொங்கியது. தொங்கினால் அசிங்கம். தோரணம் கட்டிய ஆணியிலேயே அதைச் சுற்றினேன். கடையில் கம்பிச் சுருள் கட்டிப் பழகிய கை. பத்துச் சுற்று, ஒவ்வொரு சுற்றும் முந்தியதைவிட இறுக்கம். கடைசியில் ரப்பர் வளையம் போட்டு ஒரு முடிச்சு. தள்ளி நின்று பார்த்தேன். அவ்வளவு அழகு.

எங்கள் சாமி மேடையில் எப்போதும் இரண்டு சிவப்பு மின்விளக்குகள் எரியும். இப்போது நடுவில் மூன்றாவதாக ஒன்று கண் சிமிட்டியது.

அம்மாதான் முதலில் கவனித்தார். "தம்பி, நேத்து இது பச்சையா இல்ல இருந்துச்சி?"

"இன்னிக்கி வெள்ளிக்கிழமைம்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வராதவனுக்கு எது வாயில் வருமோ அது வந்தது. அம்மாவும் சரி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஒன்பதரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அக்கா கற்பூரத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மடிக்கணினியைத் திறந்தார். நீலப் பட்டுப்புடவை, தலையில் பூ. லைன் காட்டும் கோடுகள் எல்லாம் நிறைந்திருந்தன. (வீட்டுக்குள் பெட்டிக்கும் கணினிக்கும் நடுவே எந்தக் குறையும் இல்லை. பெட்டிக்கும் உலகத்துக்கும் நடுவேதான் நான் ஆணி அடித்திருந்தேன்.) திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"டேய், உள்ள போகலடா."

"ஃபுல் லைன் இருக்குக்கா. கொஞ்சம் பொறு."

பெட்டியை அணைத்துப் போட்டேன். மறுபடி அணைத்துப் போட்டேன். மூன்றாவது முறை நான் அணைத்தபோது அம்மா இன்னொரு கற்பூரம் ஏற்றினார். மணி ஒன்பது முப்பத்தாறு. அக்கா கணினியை மூடினார். கைப்பேசியை எடுத்துக்கொண்டு, "மோட்டார எடு" என்றார். அவ்வளவுதான்.

பழ மேட்டில் லோரி நின்றிருந்தது. குலைகள் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இஞ்சின் சத்தம், குலைகள் விழுகிற சத்தம். பட்டுப்புடவையில் மகள் மோட்டாரிலிருந்து இறங்குவதை அப்பா பார்த்தார். கையைத் தூக்கினார். ஏற்றுகிறவர்கள் அப்படியே நின்றார்கள். லோரி ஓட்டுகிற முனியாண்டி அண்ணன் இஞ்சினை அணைத்தார். அந்த மேடு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

படம் போகிற அளவுக்கு லைன் ஓர் ஆள் உயரத்துக்கு மேல்தான் கிடைக்கும். நான் குட்டைச்சுவரில் ஏறிக் கைப்பேசியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். அக்கா கீழே நின்று, வெயிலில் திரை சரியாகத் தெரியாமல், கேமராவை அண்ணாந்து பார்த்துப் பேசினார். திரையில் மூன்று பேர். நடுவில் இருந்த அம்மையார் மலாயில் கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்குப் பின்னால் சிவப்பாக மலைபோல் இருக்கிறதே, அது என்ன?"

"செம்பனைக் குலைங்க மேடம்."

இரண்டாவது கேள்வி, "நீங்கள் படகில் இருக்கிறீர்களா? படம் ஆடுகிறதே!" (அது என் கை.)

ஆனால் அக்கா தடுமாறவில்லை. தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார். காரணம் கேட்டபோது என்னை ஒரு முறை பார்த்துவிட்டு "தொழில்நுட்பக் கோளாறு" என்றார். கேள்விகளுக்குப் பதில் தெளிவாக வந்தது. எனக்குக் கை வலித்தாலும், தப்பித்தோம் என்றே நினைத்தேன். அப்போது ஓரத்தில் இருந்தவர் கேட்டார்: "உங்கள் வகுப்பில் வீட்டில் இணையம் இல்லாத ஒரு மாணவன் இருக்கிறான். பாடத்தை அனுப்புவதே இல்லை. என்ன செய்வீர்கள்?"

அக்கா ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சொன்னார். "ஏன் அனுப்பவில்லை என்று முதலில் கேட்க மாட்டேன், சார். நீ எங்கே போய் நின்றால் லைன் கிடைக்கும் என்று கேட்பேன். அந்த இடத்துக்கு நானும் ஒரு நாள் போய் நிற்பேன். வெயிலா, தூரமா, ராத்திரியில் போக முடியுமா என்று பார்ப்பேன். அதைப் பார்த்த பிறகுதான் எவ்வளவு பாடம் கொடுப்பது என்று முடிவு செய்வேன். நானும் அப்படி ஓர் இடத்தில் நின்று படித்தவள்தான். இப்போதும் அங்கேதான் நிற்கிறேன்."

அப்பா தொப்பியைக் கழற்றியிருந்தார். நான் பெருமையோடு திரையை எட்டிப் பார்த்தேன். கேள்வி கேட்டவர் வாயைப் பாதி திறந்தபடி இருந்தார். அப்படியே இருந்தார். நடுவில் இருந்த அம்மையாரின் கை மூக்குக்கண்ணாடியைத் தொட்டபடி நின்றிருந்தது. ஓரத்தில் இருந்தவர் கேள்வியை முடித்த நொடியிலேயே எல்லாம் உறைந்துபோயிருந்தது.

"என்னடா?" என்றார் அக்கா.

கைப்பேசியை அவரிடம் நீட்டினேன். மறுபடி லைன் கிடைத்தபோது அக்காவுக்குக் கொடுத்த நேரம் முடிந்து, அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அக்கா அவ்வளவு நேரம் பேசியது எங்களுக்கும், முனியாண்டி அண்ணனுக்கும், ஒரு லோரி செம்பனைக்கும்தான்.

அப்பாதான் தொப்பியைப் போட்டுக்கொண்டே, "பதிலு நல்லா இருந்துச்சிம்மா" என்றார். பிறகு ஏற்றச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அன்று மாலை ஹஃபிஸ் வந்தார். சாமி மேடையைப் பார்த்தார், பொட்டு வைத்த பெட்டியைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார். ரப்பர் வளையத்தைக் கழற்றி, சுற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தார். பச்சை விளக்கு வந்தது. அவர் என்னைக் கேலி செய்வார் என்று காத்திருந்தேன். "என் அம்மா எங்கள் வீட்டுப் பெட்டியைக் கண்ணாடி அலமாரியில், விருந்துத் தட்டுகளுக்கு நடுவே வைத்து, மேலே பின்னல் துணியைப் போட்டு மூடிவிட்டார். சூடாகி அணைந்துபோனது" என்றார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ரொம்ப நாள் காத்திருந்து கிடைத்த பொருளை எல்லா வீட்டிலும் இருப்பதிலேயே நல்ல இடத்தில்தான் வைக்கிறார்கள். அது நல்ல இடத்தைக் கேட்கவில்லை, வளையாமல் இருக்க மட்டும்தான் கேட்டது.

அக்காவுக்கு அந்த வருடம் கிடைக்கவில்லை. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முடிவு வந்த அன்று வழக்கம்போல் ஆலைக்கு வேலைக்குப் போனார். நான் சாப்பாட்டைத் தட்டில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. அம்மா பார்த்தும் பார்க்காததுபோல் ரசத்தை ஊற்றிவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் அக்கா மறுபடி மனுப்போட்டார், மறுபடி கூப்பிட்டார்கள். தேர்வு எந்தத் தேதி என்று வீட்டில் எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒரு நாள் வேலை முடிந்து வந்தால் வீட்டில் கேசரி. அக்கா பத்தாங் காலியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்.

"அதே கேள்வி கேட்டாங்களாக்கா?"

"இல்ல. நானே சொன்னேன்" என்றார். பழ மேடு, தோரணம், ஆணி, எல்லாவற்றையும் சொல்லி, அந்தப் பதிலையும் சொன்னாராம். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். "அந்தத் தம்பி இப்போது எங்கே?" என்று கேட்டாராம் ஒருவர். "அவனுக்குத் தேதி சொல்லல சார், வேலைக்குப் போயிருக்கான்" என்றாராம் அக்கா.

இப்போது மாலதி டீச்சர், வருடம் பிறந்து முதல் வாரத்தில் ஒவ்வொரு பிள்ளையிடமும் எங்கே நின்றால் லைன் கிடைக்கும் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறார். சனிக்கிழமைகளில் அந்த இடங்களுக்குப் போவதும் உண்டு. தூரமாக இருந்தால் என் காரில்தான் போவார். ஓட்டுவதற்கு மட்டும் எனக்கு அனுமதி உண்டு.

போன மாதம் அப்படித்தான் எல்லாரும் போய்க்கொண்டிருந்தோம். ஈஜோக் சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்தது. நிறுத்தினேன். அன்று செவ்வாய்க்கிழமை, பள்ளி விடுமுறை. பின்னால் தன் பாட்டி மடியில் உட்கார்ந்திருந்த என் நான்கு வயது மகள் விளக்கைப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லிக் கொடுக்காமலே, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இன்னிக்கி வெள்ளிக்கிழமையாப்பா?" என்றாள்.

பச்சை விழுந்த பிறகும் யாராலும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அக்காதான்.