மெத்தைக்கு ஜாதகம் பார்ப்பவர்

நம் பக்கத்தில் சமீபகாலமாகப் பெருகிவரும் ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகம் செய்துவைக்கிறேன். கடைக்குள் நுழைந்ததும் இவர் பொருளைப் பார்க்கமாட்டார். அதைத் தூக்கி, கவிழ்த்து, அடிப்புறத்தில் எறும்பு எழுத்தில் என்ன அச்சடித்திருக்கிறது என்று தேடுவார். எழுத்து சிறுக்கச் சிறுக்க இவருக்குச் சந்தோஷம். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி, "ம்ம்..." என்பார். அந்த "ம்ம்" காதில் விழுந்தால் கடைக்காரர் அந்த வியாபாரத்தை மறந்துவிடலாம்.

கம்பத்துக்குப் பக்கத்தில் ஐந்து ஏக்கர் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் அழகுமலை இந்த இனத்தில் அசல் ரகம். மாசி மாதம் அவர் மனைவி பாண்டீஸ்வரிக்கு முதுகில் டிஸ்க் விலகி, நிமிர முடியாமல் போயிற்று. "பழைய மெத்தை குழி விழுந்திருக்கும், அதுல படுக்காதீங்க. கெட்டியான மெத்தையா ஒண்ணு வாங்குங்க" என்றார் டாக்டர். வேறொருவராக இருந்தால் மறுநாளே வாங்கியிருப்பார். அழகுமலை படிக்க ஆரம்பித்தார்.

மாசி போயிற்று, பங்குனி போயிற்று, சித்திரையும் போயிற்று. பாண்டீஸ்வரி தரையில் பாயை விரித்துப் படுத்தார். அழகுமலை நாற்காலியில் சாய்ந்து செல்போனில் படித்தார்.

"ஏங்க, ஏதாச்சும் ஒண்ண வாங்கியாங்களேன். புரண்டு படுக்க முடியலங்க."

"ஏதாச்சும் ஒண்ணா? தினமும் எட்டு மணி நேரம் அதுல மூக்க வச்சுத்தான படுக்கப்போற? கெமிக்கல் இருந்தா உடம்புக்குள்ள போகும்ல?"

எவ்வளவு அக்கறை பாருங்கள்!

கூடலூரில் ஒரு கடை, பெரியகுளத்தில் இரண்டு கடை. எல்லா இடத்திலும் "ம்ம்". ஆனி பிறந்ததும் பாண்டீஸ்வரிக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னைக்கு நானும் வாரேன்" என்று கிளம்பி, காரில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, அல்லிநகரத்தில் மாரீஸ்வரி என்பவர் நடத்தும் மெத்தைக் கடைக்குச் சுவரைப் பிடித்தபடி வந்து சேர்ந்தார்.

"ஆர்கானிக்னு போட்டிருக்கே, இதுல எதும்மா ஆர்கானிக்?" என்று தொடங்கினார் அழகுமலை.

"மெத்தைதாண்ணே."

அவர் லேபிளில் இருந்த சான்றிதழ் நம்பரை செல்போனில் தட்டினார். "இந்த நம்பரு மேலுறைத் துணிக்கு மட்டும் வாங்குனது. உள்ள இருக்கிற லேடெக்ஸ் ரப்பருக்குச் சான்றிதழ் எங்க?"

மாரீஸ்வரி வாங்கிப் பார்த்தார். ஆமாம், துணிக்கு மட்டும்தான். இந்த இனத்தோடு சேர்ந்து வாழ்வதில் உள்ள கஷ்டமே இதுதான்: பல சமயம் இவர்கள் சொல்வது சரியாக இருந்து தொலைக்கும்.

"அப்ப இத எடுத்துக்கோங்கண்ணே. நேச்சுரல்."

"நேச்சுரல் வேற, ஆர்கானிக் வேறம்மா. ரப்பர் பால்ல நூத்துக்கு எத்தன பங்கு மரத்துல எறக்குனது, எத்தன பங்கு பேக்டரியில செஞ்சது? அதப் போடாம நேச்சுரல்னா என்ன அர்த்தம்?"

"இலவம்பஞ்சு இருக்குண்ணே. நம்ம போடிப் பக்கத்துச் சரக்கு."

"மரத்துக்கு மருந்து அடிச்சாகளா இல்லையான்னு எங்கயும் எழுதலையே?"

மாரீஸ்வரி இடுப்பில் கைவைத்தார். "அண்ணே, நீங்க என்ன வெள்ளாமை?"

"திராட்ச."

"அதுக்கு மருந்து அடிப்பீகளா?"

"அடிக்காம? இருபது தரம் அடிச்சாத்தான் கொத்து நிக்கும்."

"அத எழுதிக் கொத்துக்குக் கொத்து லேபிள் ஒட்டுவீகளோ?"

அழகுமலை கொஞ்சமும் அசரவில்லை. "அது விக்கிறதும்மா. இது நாம படுக்கிறது."

மாரீஸ்வரி அடுத்த மெத்தையைக் காட்டத் திரும்பியபோது கடைக்குள் எங்கிருந்தோ ஒரு குறட்டைச் சத்தம் வந்தது. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். மூலையில் கிடந்த ஒரு தென்னைநார் மெத்தையில், நிற்க முடியாமல் சாய்ந்த பாண்டீஸ்வரி, வாயை லேசாகத் திறந்தபடி, செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போயிருந்தார்.

அழகுமலை மெல்ல நெருங்கி, மெத்தையின் நான்கு ஓரத்தையும் நோட்டம் விட்டார்.

"இதுக்கு லேபிள் எங்கம்மா?"

"அக்கா தலைக்கு அடியில இருக்குண்ணே."

அவர் கை நீண்டது. "தொட்டீகன்னா பாத்துக்கோங்க!" என்றார் மாரீஸ்வரி, அதட்டலும் கிசுகிசுப்புமாக. "ரொம்ப நாளாத் தூங்காத முகம்ணே அது. நல்லாப் பாருங்க."

அவர் பார்த்தார். கண்ணைச் சுற்றிக் கருவளையம் விழுந்திருந்தது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. இவ்வளவு இளைத்துவிட்டாளா? ஒன்றேகால் மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். படிப்பதற்குப் பக்கத்தில் வேறு எதுவும் இல்லை.

பாண்டீஸ்வரி விழித்ததும், "இதுவே போதுங்க" என்றார். அழகுமலை பணத்தைக் கொடுத்து மெத்தையை வண்டியில் ஏற்றினார். லேபிளை அன்று அவர் படிக்கவில்லை. மறுநாள் படித்தாராம், பாண்டீஸ்வரி குளிக்கப் போயிருந்தபோது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. நேற்று கடையில் எண்ணெய்ப் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தீர்களே, அதில் என்னென்ன கலந்திருக்கிறது என்று வரிசையாகச் சொல்லிவிடுவீர்கள். உங்கள் வீட்டில் யாருக்கு எங்கே வலிக்கிறது என்று அதே வேகத்தில் சொல்ல முடியுமா? யோசிக்க வேண்டியிருந்தால், உங்களுக்கும் அழகுமலைக்கும் ஏதோ சொந்தம் இருக்கிறது.