முதல் சுற்றில் லோரேன்

"முதல் சுற்று, முதல் தேர்வு... லோரேன் கூபியாக்!" என்று கிழக்கு மண்டபத்து மேலாளர் ஜெனிவீவ் ரிஸ்ஸோ சீட்டைப் படித்ததும் மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். நார்ப் கூபியாக் மட்டும் தட்டவில்லை. லோரேன் அவருடைய மனைவி.

"இருங்க, இருங்க!" என்று எழுந்தார். "அது என் சம்சாரம்!"

"உங்க சம்சாரம்தான், யார் இல்லேன்னாங்க? தக்கவைக்கிற பட்டியல்ல பேரைக் காணோமே," என்றார் ஜெனிவீவ்.

"சொந்தப் பொண்டாட்டி பேரை யாராவது பட்டியல்ல எழுதுவாங்களா?"

"எழுதியிருக்கலாம்," என்றார் நடுவராக உட்கார்ந்திருந்த ஃபாதர் டன்ஃபி. "மூணு இடம் இருந்துதே."

லோரேன் எழுந்து போய், கிழக்கு மண்டபத்தின் பச்சைத் தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு படத்துக்குச் சிரித்தாள். தொப்பி அளவெடுத்துத் தைத்தது மாதிரி பொருந்தியது.

விஷயம் இதுதான். ஏரிக்கரையில் இருக்கும் அந்த எஃகு ஆலை ஊரில் ஒரே தெருவின் இரண்டு பக்கமும் இரண்டு கத்தோலிக்கக் கோயில்கள். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி கிடையாது என்பதால் இரண்டு மண்டபங்களிலும் மீன் பொரிப்பார்கள். மீனோடு உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த பியரோகிக் கொழுக்கட்டை. ஊரே வரிசையில் நிற்கும். போன வருஷம் ஆயர் இரண்டு கோயில்களின் சபைகளையும் ஒன்றாக்கிவிட்டார். இந்தத் தவக்காலம் மட்டும் இரண்டு அடுப்பும் எரியலாம். முதல் வெள்ளியன்று எந்த மண்டபத்தில் வரிசை நீளமோ, அந்த மண்டபத்து மேலாளர்தான் அடுத்த வருஷத்திலிருந்து ஒரே மேலாளர்.

சமைக்க வருகிற தொண்டர்களை எப்படிப் பிரிப்பது என்று மூன்று வாரம் சண்டை. கடைசியில் ஃபாதர் டன்ஃபி, "கால்பந்து அணிங்க வருஷா வருஷம் கல்லூரிப் பசங்களை எடுக்குதே, அந்த மாதிரி டிராஃப்ட் வெச்சுடுவோம். ஆளுக்கு மூணு பேரைத் தக்கவெச்சுக்குங்க. மிச்சப் பேர் பொதுவுல. மாத்தி மாத்தி எடுங்க," என்றார்.

இதைக் கேட்ட அன்று நார்ப் தூங்கவில்லை. முப்பத்தொரு வருஷமாக மேற்கு மண்டபத்து மீனுக்கு அவர்தான் மேலாளர். அதே முப்பத்தொரு வருஷமாக ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியின் மேலாளருக்கு யாரை எடுக்க வேண்டும், யாரை விட வேண்டும் என்று வானொலி மூலம் சொல்லிக்கொடுத்து வருபவரும் அவர்தான். ஒருமுறை நிலையத்துக்குப் போன் போட்டுக் காத்திருந்த நேரத்தில் சமையலறைக்கு இரண்டு கோட் வெள்ளையடித்து முடித்தார். லைன் கிடைத்தபோது சுவர் காய்ந்திருந்தது. அந்த மேலாளர் இவர் சொன்னதைக் கேட்டதில்லை. அணி கோப்பை வாங்கியதும் இல்லை. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்பதில் நார்ப்புக்குச் சந்தேகமே கிடையாது.

அவருடைய சித்தாந்தம் எளிது. பந்தை அழகாக எறிகிறவன் பின்னால் அலையாதே. அவன் எங்கேயும் கிடைப்பான். முன்வரிசையில் நின்று முட்டுகிற மலை மாதிரி ஆட்களை முதலில் பிடி. உன் முறை சீக்கிரம் வந்தால் அதை எவன் தலையிலாவது கட்டிவிட்டு, பதிலுக்குப் பின்னால் வரும் முறைகளை இரண்டாக, மூன்றாக வாங்கு.

இதெல்லாம் அவருடைய சொந்தச் சரக்கு. ஆனால் அவரும் ஒருவருக்குத் தலை வணங்குவார். காலை எட்டு மணி நிகழ்ச்சியில் மார்ட்டி என்ற அறிவிப்பாளர், நேயர்கள் போனில் தட்டி அனுப்பும் குறுஞ்செய்திகளைப் படிப்பான். அதில் 'பன்னிரண்டு தையல்' என்று கையெழுத்துப் போடும் ஒருவர் இருந்தார். இரண்டே வரிதான் எழுதுவார். நார்ப் டோஸ்ட்டைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

"பழைய ஆட்டக்காரனாத்தான் இருக்கணும்," என்பார் லோரேனிடம். "முன்வரிசை ஆள். நெத்தியில பன்னெண்டு தையல் போட்டிருக்கும். எதிராளியோட ஹெல்மெட் கிழிச்சிருக்கும்."

"இருக்கும், இருக்கும்," என்று சொல்லிவிட்டு லோரேன் துவைக்கிற துணியை அள்ளிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போய்விடுவாள். எட்டு மணிக் கத்தலை அவளால் கேட்க முடியாதாம்.

டிராஃப்டுக்கு முந்தின வாரம்தான் மார்ட்டி படித்தான்: "'எவனும் எடுக்க மாட்டான் என்று தெரிந்த ஆளுக்குத் தக்கவைப்பு இடத்தை வீணாக்குகிறவன் முட்டாள். இப்படிக்கு, பன்னிரண்டு தையல்.'"

நார்ப் மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பட்டியலில் மூன்று பேரை எழுதினார்: ஆகி, லியோ, ஹாங்க். மூவரும் ஆலையில் இரும்பு தூக்கியவர்கள், இப்போது எண்ணெய்ச் சட்டியின் முன் நிற்பவர்கள். ஒவ்வொருவரும் ஒரு கதவு அகலம்.

ஆக, லோரேன் போனாள். நார்ப் தளரவில்லை. அடுத்து அவர் முறை. அதை ஜெனிவீவுக்கே கொடுத்துவிட்டு, பின்னால் வரும் மூன்று முறைகளை வாங்கினார். அவற்றில் ஒன்றைக் கொடுத்து இரண்டு வாங்கினார். எல்லாம் முடிந்தபோது அவரிடம் பதினேழு பேர் இருந்தார்கள். மொத்த எடை இரண்டரை டன் தேறும். ஜெனிவீவிடம் ஒன்பது பேர். எட்டுப் பெண்கள், ஒரு கிழவர். கடைசித் தேர்வாக எடுக்கப்பட்ட அந்தக் கிழவர் எமில், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், காது கொஞ்சம் மந்தம். கடைசி ஆளுக்குத்தான் பெரிய கைதட்டல் கொடுக்க வேண்டும் என்பது டிராஃப்ட் வழக்கம். நார்ப் விசிலே அடித்தார்.

"காது கேக்காத பஸ் டிரைவரை வெச்சு என்ன பண்ணப் போறாங்க, கொழுக்கட்டைக்கு டிக்கெட் கிழிக்கவா?" என்றார் ஆகியிடம்.

"அது சரி பாஸ், நமக்குக் கொழுக்கட்டை யார் செய்யறது?" என்றான் ஆகி.

நார்ப் யோசித்தார். கொழுக்கட்டை மேஜை மண்டபத்தின் கோடியில், பெண்கள் பக்கம் இருந்தது. முப்பத்தொரு வருஷத்தில் அவர் அந்தப் பக்கம் போனதே இல்லை. கையில் அட்டையும் கழுத்தில் விசிலுமாக எண்ணெய்ச் சட்டிப் பக்கம் நிற்பார். கொழுக்கட்டை தானாக வரும் என்பது அவர் எண்ணம். தானாகத்தான் வந்துகொண்டும் இருந்தது.

அடுத்த சனிக்கிழமை ஒத்திகை. பதினேழு மலைகளும் மாவு பிசைந்தார்கள். ஹாங்க் செய்த கொழுக்கட்டை கீழே விழுந்து, தரையில் ஒரு ஓடு விரிசல் விட்டது. மற்றவை கொதிநீரில் போட்டதும் பிளந்து, அண்டா முழுக்க உருளைக்கிழங்குக் கஞ்சியானது.

வீட்டில் லோரேனிடம், "நீயாவது மாட்டேன்னு சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"எடுத்துட்டாங்களே நார்ப். எடுத்த அணிக்குத்தான் ஆடணும்னு நீதானே சொல்வே? நம்ம அணி எடுத்த அந்த ஒகையோ பையன் வர மாட்டேன்னு அடம் பிடிச்சப்ப ஒரு வாரம் திட்டினியே."

"அவன் ஒகையோ. நீ என் சம்சாரம்."

"சட்டத்துல அப்படி ஒரு பிரிவு இல்லை," என்று சொல்லிவிட்டு அவள் பச்சைத் தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு ஒத்திகைக்குப் போனாள்.

நார்ப் தெருவைத் தாண்டி ஜெனிவீவிடம் போனார்.

"லோரேனுக்குப் பதிலா ஆகியைத் தர்றேன்."

"ஆகிக்கு ஈடா வேணும்னா பெட்ரா வருவா. மாவு நல்லா பிசைவா."

பெட்ரா வந்தாள். மாவு பட்டு மாதிரி வந்தது. கொழுக்கட்டை மட்டும் அப்போதும் பிளந்தது. "பிசையத்தான் எனக்குத் தெரியும். மூடறது லோரேன் வேலை," என்றாள் பெட்ரா.

மறுநாள் காலை மார்ட்டி படித்தான்: "'ஒரு ஆள் வேண்டுமென்றால் விலையைப் பார்க்காதே. பாதியில் நிற்பவன்தான் இரண்டு பக்கமும் இழப்பான். பன்னிரண்டு தையல்.'"

"என் மனசுல இருக்கறதை அப்படியே சொல்றான் பாரு!" என்று நார்ப் கீழ்த்தளத்தைப் பார்த்துக் கத்தினார். துவைக்கும் இயந்திரத்தின் சத்தம்தான் பதிலாக வந்தது.

லியோவையும் ஹாங்க்கையும் சேர்த்துக் கொடுத்தார். ஜெனிவீவ் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்: லோரேனை விற்கும் எண்ணம் வந்தால் முதலில் நார்ப்பிடம்தான் கேட்பேன்.

"எண்ணம் எப்ப வரும்?"

"வந்தா சொல்றேன்."

இப்போது மேற்கு மண்டபத்தில் கொழுக்கட்டை மூட ஆள் இல்லை, மீன் பொரிக்கவும் ஆள் இல்லை. மிச்சமிருந்த பதினான்கு மலைகளும் மேஜை நாற்காலிகளைத் தூக்கி வேறிடத்தில் வைப்பதும், மறுபடி தூக்கிப் பழைய இடத்தில் வைப்பதுமாக இருந்தார்கள். திருநீற்றுப் புதன் வந்துவிட்டது. பூசையில் ஃபாதர் நெற்றியில் சாம்பல் பூசியபோது, "மனம் மாறு நார்ப்," என்றார். எல்லோருக்கும் சொல்வதுதான், நார்ப்புக்கு மட்டும் குத்திக்காட்டுவது போல இருந்தது.

வியாழக்கிழமை காலை எட்டு மணி. நார்ப் டோஸ்ட்டைக் கீழே வைத்தார். மார்ட்டி தொண்டையைச் செருமினான்.

"'எல்லாரையும் விற்றுவிட்டுத் தன்னை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்கிற மேலாளர் கோழை. துணிந்தவன் தன்னையே பேரத்தில் வைப்பான். இப்படிக்கு, பன்னிரண்டு தையல்.'"

நார்ப் எழுந்து நின்றுவிட்டார். என்ன மூளை! கணக்கு மின்னல் மாதிரி வந்தது. தன்னை ஜெனிவீவுக்குக் கொடுப்பது. லோரேன் மேற்கே வந்துவிடுவாள். தன் பேச்சை ஜெனிவீவால் ஒரு மணி நேரம் தாங்க முடியாது. நாளை சாயங்காலமே கழற்றிவிடுவார். கழற்றிவிட்ட ஆள் யாருக்கும் சொந்தமில்லை. நேராகத் தெருவைத் தாண்டி வந்து தன் நாற்காலியில் உட்கார வேண்டியதுதான்.

"என்னையே தர்றேன்," என்றார் ஜெனிவீவிடம்.

ஜெனிவீவ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். முட்டியைத் தட்டிப் பார்த்தார். பல்லைக் காட்டச் சொல்வாரோ என்று நார்ப் பயந்தார்.

"சரி. லோரேனை எடுத்துக்குங்க. ஆகி, லியோ, ஹாங்க்கையும் திருப்பித் தர்றேன்."

"என் ஒருத்தனுக்கு நாலு பேரா?"

"உங்க மதிப்பு உங்களுக்கே தெரியல நார்ப்."

நார்ப் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முப்பத்தொரு வருஷ வானொலி வாழ்க்கையில் ஒருத்தருக்கு நாலு பேர் என்ற பேரத்தை அவர் கேள்விப்பட்டதே இல்லை. ஃபாதர் டன்ஃபி சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

"மேற்குக்கு இப்ப மேலாளர் இல்லையே ஃபாதர்?" என்றார் ஜெனிவீவ்.

"லோரேன் இருக்காங்களே," என்றார் ஃபாதர், யோசிக்காமலே.

நார்ப் சிரித்தார். ஒரு சாயங்காலத்துக்குத்தானே.

வெள்ளிக்கிழமை நாலு மணி. நார்ப் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு கிழக்கு மண்டபத்தில் ஜெனிவீவ் பின்னாலேயே நடந்து, எண்ணெய்ச் சூட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். ஜெனிவீவ் முகம் சுளிக்கவில்லை.

"எப்ப கழட்டிவிடப் போறீங்க?" என்று கடைசியில் நார்ப்பே கேட்டார்.

"நாங்க யாரையும் கழட்டிவிடறதில்ல. பெரிய விலை கொடுத்து வாங்கியிருக்கோம்."

"வரிசையைப் பாருங்க! உங்க பக்கம் ஏழு பேர் நிக்கறாங்க. தோத்துட்டிருக்கீங்க. கவலை இல்லையா?"

"எனக்கென்ன, அடுத்த வாரம் ஃப்ளோரிடாவுக்குக் குடி போறேன். தங்கச்சி கடலோரமா வீடு பார்த்து வெச்சிருக்கா. போங்க, கொழுக்கட்டை மேஜையில ஆள் போதல."

நார்ப் ஜன்னல் வழியே பார்த்தார். எதிர்ப்பக்கம் மேற்கு மண்டபத்து வரிசை படி இறங்கி, தெருமுனை திரும்பி, பெட்ரோல் பங்கையும் தாண்டி, பனி மூடிய ஏரிக்கரை வரை போயிருந்தது. ஏரியில் துளை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் தூண்டிலைச் சுருட்டிவிட்டு வரிசையில் வந்து நின்றதாகப் பின்னால் சொன்னார்கள். ஆகி, லியோ, ஹாங்க் மூவரும் சட்டியின் முன் வரிசை குலையாமல் நின்றார்கள். வாசலில் லோரேன், கழுத்தில் நார்ப்பின் விசில். அவள் அதை ஒரு தடவைகூட ஊதவில்லை. ஊதாமலே எல்லாம் நடந்துகொண்டிருந்தது.

"அணியைக் கட்டினது நான்தான்," என்று சொல்லிக்கொண்டார். அதுவும் உண்மைதான். கட்டிய பிறகுதான் வெளியே வந்திருந்தார்.

கொழுக்கட்டை மேஜையில் எமில் மட்டும் உட்கார்ந்திருந்தார். பஸ் ஓட்டிய கை, வட்ட மாவில் பூரணத்தை வைத்து, மடித்து, ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி மூடியது. நார்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கொழுக்கட்டையைக் கையில் எடுத்தார். ஓரத்தை நாலு இடத்தில் அமுக்கிவிட்டு எமிலுக்குக் காட்டினார்.

"இது போதுமா எமில்?" என்று காதருகே கத்தினார்.

எமில் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு, இன்னொன்றை எடுத்து மெல்லக் கிள்ளிக் காட்டிக்கொண்டே சொன்னார்:

"பத்தாது தம்பி. பன்னெண்டு தையல் போடணும். உங்க லோரேன் இந்த ஒரு மாசமா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு அது, ஒண்ணு கொறைஞ்சாலும் சுடுதண்ணியில வாயைத் தொறந்துடுமாம்."