பூவாடைக்காரி கேட்ட நிறம்

மகள் கல்யாணத்தில் எல்லாம் மஞ்சளாக இருக்கும், இல்லாவிட்டால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்று கள்ளுக்கடையில் ஊரே கேட்கச் சவால் விட்டுவிட்டார் நாகமுத்துக் கங்காணி. அது சாமானிய மீசை இல்லை. காலையில் வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டில் அது ஒரு தரம் அசைந்தால் ரப்பர்ப் பால்மரம் வெட்டும் ஆட்களில் பாதிப் பேர் அடுத்தவன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்குவார்கள். பாயா ரும்புட் பக்கத்துத் தோட்டங்களில் அந்த மீசைக்குப் பயப்படாத ஜீவன்கள் இரண்டே இரண்டு. ஒன்று துரையின் நாய். இன்னொன்று அவர் மனைவி பெத்தம்மாள்.

மஞ்சள் ஆசை மூவாரில் பிடித்தது. அங்கே ஒரு ராஜ ஊர்வலம் பார்த்தார். குடை மஞ்சள், கொடி மஞ்சள். மலாய்க்காரர்களுக்கு அது ராஜாவின் நிறம் என்று பக்கத்தில் நின்றவன் சொன்னான். அன்றே முடிவு கட்டிவிட்டார். மீனம்மாவின் கல்யாணத்தில் பந்தல் துணி, மாப்பிள்ளைத் தலைப்பாகை, கூரைப்புடவை எல்லாம் மஞ்சள். பெத்தம்மாளோ அரக்குச் சிவப்பு என்று நின்றாள். கப்பலில் வந்து இறங்கிய வேகத்தில், சாயம் போன சேலையில் தாலி கட்டிக்கொண்டவள் அவள். மகளாவது சிவக்கச் சிவக்க மணையில் உட்கார வேண்டும் என்று அன்றிலிருந்து மனசில் வைத்திருந்தாள். மகளும் தாய்ப் பக்கம்.

"மஞ்சச் சேலை சாமிக்கு நேந்துக்கிட்டவங்க கட்டுறது. பந்தல் பூரா மஞ்சளாக் கட்டுனா, சுங்கை ரம்பாயிலேர்ந்து வர்ற சம்பந்தி தீக்குழி எங்கேன்னுதான் கேப்பாரு" என்றாள் பெத்தம்மாள்.

பேச்சில் தோற்கும்போதெல்லாம் கங்காணி தெய்வத்தைத் துணைக்கு இழுப்பார்.

அவர்கள் குடும்பத்தில் கல்யாணத்துக்கு முன் பூவாடைக்காரியை அழைப்பது வழக்கம். கன்னியாகச் செத்துப்போன வீட்டுப் பெண்ணை நீர்க்கரையிலிருந்து அழைத்து வந்து, மஞ்சளில் நனைத்த புதுத்துணியைப் பானைக்குள் வைத்து, படையல் போட்டு உத்தரவு கேட்பார்கள். அவர்கள் வீட்டுப் பூவாடைக்காரி அவருடைய தங்கை குஞ்சம்மா. கல்யாணம் பேசி முடித்த கையோடு தோட்டத்துக் காய்ச்சலில் போனவள். யாருக்கும் அஞ்சாத பெத்தம்மாள்கூட அந்தப் பேரைக் கேட்டால் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்வாள்.

"நீயும் சொல்ல வேணாம், நானும் சொல்லல. குஞ்சம்மா சொல்லட்டும்லா. பானையிலேர்ந்து துணி எந்த நிறத்துல வருதோ, கல்யாணம் பூரா அதான்" என்றார் கங்காணி.

மஞ்சளில் நனைத்த துணி மஞ்சளாகத்தானே வரும். இந்தச் சூது பெத்தம்மாளுக்கு எட்டாது என்று நம்பினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, குஞ்சம்மா சொன்னால் தனக்கும் சரிதான் என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் ஒப்புக்கொண்டதே கிடையாது. மனுஷன் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

படையல் நாளில் துணியை அவரே மஞ்சளில் முக்கி உலர்த்தினார். தண்ணீரையும் வேறு கை தொடக்கூடாது என்று, அந்தி மங்கும் நேரத்தில் பித்தளைக் குடத்தோடு தனியாக ஓடைக்குக் கிளம்பினார். வீட்டில் பெத்தம்மாள் புதுப்பானைக்குச் சுண்ணாம்புப் பட்டை போட்டுக்கொண்டிருந்தாள். அது பொம்பளைகள் வேலை. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ரப்பர்க் காய் வெடிக்கிற பருவம் அது. எங்கோ உயரத்தில் டப்பென்று ஒரு சத்தம் கேட்கும், கொட்டை சருகில் விழும், அப்புறம் ஒன்றுமே இருக்காது. எந்தப் பக்கம் பார்த்தாலும் மரங்கள் ஒரே மாதிரி வரிசை கட்டி நின்றன. இருட்டில் அவற்றின் வெட்டுக்காயங்கள் மட்டும் வெளுத்துத் தெரிந்தன. குடத்தைச் சாய்த்தபோது உள்ளே யாரோ மூச்சு வாங்குவதுபோல் தண்ணீர் ஏறியது. வழக்கப்படி, "குஞ்சம்மா, வீட்டுக்கு வாம்மா" என்று மூன்று முறை அழைத்தார். முதல் இரண்டும் கடமைக்கு. மூன்றாவதை அழைக்கும்போது தங்கையின் முகத்தை நினைத்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

முதுகுக்குப் பின்னால், மிக அருகில், "அண்ணே" என்றது ஒரு குரல்.

திரும்பினார். மரங்கள்தான் நின்றன. காற்று இல்லை. ஆனால் சருகு மிதிபடும் சத்தம் மட்டும், அவருக்கு முன்னால், லயத்து வீடுகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

வீடு வந்து சேர்ந்தபோது குடத்தில் பாதித் தண்ணீர்தான் மிச்சம். யாரிடமும் மூச்சுவிடவில்லை. அவ்வளவு பெரிய மீசையை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது?

பயத்திலும் அவர் காரியத்தை விடவில்லை. பானையைக் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. துணியைப் போட்டு, தண்ணீரை ஊற்றி, தட்டால் மூடி, மேலே விளக்கை ஏற்றினார். பக்கத்து வீட்டுச் சாமிக்கண்ணு உடுக்கையை எடுத்தார். அடிக்க அடிக்க வீட்டுக்குள் குளிர் ஏறியது. மூடியைத் திறக்கக் கங்காணி கை நீட்டியபோது, அதுவரை நேராக நின்ற சுடர் அவர் பக்கமாகச் சாய்ந்தது. கண்ணை மூடிக்கொண்டு பானைக்குள் கையை விட்டு, தட்டுப்பட்டதைப் பிடித்து இழுத்தார்.

சிவப்பு. முழங்கை வழியாகச் சொட்டியதும் ரத்தச் சிவப்பு.

உடுக்கை நின்றுவிட்டது. குஞ்சம்மாவுக்கு எடுத்து வைத்திருந்த கல்யாணப் புடவை சிவப்பு. கடைசியில் அதைக் கட்டித்தான் அவளைக் குழியில் இறக்கினார்கள். இத்தனை காலமும் அதை மறந்திருந்தோமே என்று கங்காணிக்கு அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு மஞ்சள் பேச்சே இல்லை. அவரே மலாக்கா பாசார்க் கடைகளுக்குப் போய்ச் சிவப்பாகப் பார்த்துப் பார்த்து எடுத்து வந்தார். முகூர்த்தத்தன்று காலையில் நாவிதர் முன்னால் தானாகப் போய் உட்கார்ந்தார். மேலுதடு உரித்த கோழி மாதிரி ஆகிவிட்டது. துரையின் நாய் அவரை வேற்றாள் என்று நினைத்துத் துரத்தியது.

தாலி கட்டி முடிந்து, பெண்ணும் மாப்பிள்ளையும் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். சிவப்புப் புடவையில் மீனம்மாவைப் பார்த்ததும், மீசை போன துக்கத்திலும் அவருக்கு நெஞ்சு நிறைந்தது. பெத்தம்மாள் ஆலத்தி கரைக்கக் குனிந்திருந்தாள். எத்தனையோ ஆலத்தியை முகத்துக்கு நேரே சுற்றப் பார்த்தவர்தான். அதைக் கரைப்பதைக் கிட்ட நின்று பார்ப்பது அன்றுதான். தட்டில் மஞ்சள் தண்ணீர் இருந்தது. பெத்தம்மாள் விரல்நுனியில் சுண்ணாம்பை எடுத்து அதில் கலக்கினாள். தண்ணீர் சிவந்தது.

கங்காணி தட்டைப் பார்த்தார். தாழ்வாரத்தில் கவிழ்ந்து கிடந்த பானையைப் பார்த்தார்.

"பட்டை வெளியில மட்டுந்தான் போட்டியா?" என்று கேட்டார்.

"உள்ளாறயும் ஒரு கை பூசுனேன்" என்ற பெத்தம்மாள், மணமக்களுக்குச் சுற்றிய ஆலத்தியைத் தொட்டு அவர் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தாள்.

அவருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் வந்தது நிம்மதி. செத்தவள் வரவில்லை, எல்லாம் இவள் கைவேலைதான் என்று தெரிந்ததும், நாள் கணக்கில் நெஞ்சில் உட்கார்ந்திருந்த குளிர் இறங்கியது. மீசை போனாலும் உயிர் வந்ததே என்று சிரித்துவிட்டார்.

"பானை சரி. ஓடைக்கரையில பின்னால வந்து நின்னு 'அண்ணே'ன்னு கூப்பிட்டு மெரட்டுனியே, அதான் கொஞ்சம் ஜாஸ்திலா."

பெத்தம்மாளின் கை அப்படியே நின்றது. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"கட்டுன புருஷனை எவளாச்சும் அண்ணேன்னு கூப்பிடுவாளா?"