“நிர்த்தண்டா” என்றாள் நர்ஸ்

தேவிகுளம்,
20-8-79.

மரியாதைக்குரிய மச்சான் பெரியமுத்து அவர்களுக்கு, குருசாமி வணக்கத்துடன் எழுதுவது. அக்காவும் பிள்ளைகளும் சுகந்தானே? இங்கும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, எழுதினால் பொய்.

உங்கள் தங்கை சுருளியம்மாளுக்குப் போன வருடம் மார்பில் கட்டி எடுத்தார்கள் அல்லவா, அது திரும்ப வராமலிருக்கத் தினம் ஒரு மாத்திரை, வருடக்கணக்கில் விழுங்க வேண்டும் என்றார் டாக்டர். விழுங்கினாள். அது உடம்புக்குள் அடுப்பு மூட்டிவிட்டது மச்சான்! எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் கம்பளிக்குள் நடுங்க, இவள் மட்டும் வேர்த்து விறுவிறுத்து முறத்தால் விசிறிக்கொள்கிறாள். பார்க்கச் சகிக்காமல் சித்திரையில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், “மாத்திரைய நிப்பாட்டிரலாமாம்மா?” என்று நர்ஸிடம் கேட்டேன். என் மகள் வயதுகூட இல்லாத அந்த மலையாளத்துப் பெண் நிமிர்ந்தும் பாராமல், “நிர்த்தண்டா” என்றது. டாவா? என்னையா? கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் வைத்தியம் தெரிந்தவள் நிறுத்தணும்டா என்கிறாள், நமக்குக் காரியம்தான் பெரிது என்று பொறுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும், நாலு மாதத்துக்கென்று முன்பே வாங்கியிருந்த புதுப் புட்டியை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். சுருளி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “ஒனக்கு ஒண்ணுந் தெரியாது, சும்மா இரு” என்று அடக்கினேன்.

இன்று காலை பஸ்ஸுக்குக் கை காட்டினேன். படியில் தொங்கிய கண்டக்டர் டிரைவரைப் பார்த்து, “நிர்த்தண்டா, போட்டே!” என்று கத்தினான். வண்டி நிற்காமல் பறந்துவிட்டது. முதலில் கோபம் வந்தது, பிறகுதான் உறைத்தது: நிறுத்தணும்டா என்றால் வண்டி ஏன் நிற்கவில்லை? என்னோடு பாக்டரியில் வேலை பார்க்கும் சகாயம் பக்கத்தில் நின்றான், அவனைக் கேட்டேன். “நிப்பாட்ட வேண்டாம், போகட்டும்னு அர்த்தம்ணே. இத்தன வருசமா இது தெரியாதா?” என்கிறான்.

தெரியாது மச்சான். லயத்தில் தமிழ், கடையில் தமிழ், நமக்கெதற்கு மலையாளம் என்று மிதப்பாக இருந்துவிட்டேன். நாலு மாதமாக அவளுக்கு மருந்தில்லை. நேற்று கையைத் தூக்கும்போது முகம் சுளித்தாள். அந்தப் பாழும் நோய்தானோ? கேட்கவே பயமாக இருக்கிறது. என்னை அடிப்பதற்காவது உடனே புறப்பட்டு வாருங்கள். அவளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், எனக்கு நாக்கு எழவில்லை.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகள் நூறாண்டு வாழ மனதார வேண்டுகிறேன்.

தங்கள் மாப்பிள்ளை,
குருசாமி

பின்குறிப்பு: மச்சான், வர வேண்டாம். இன்றைக்காவது ஒரு மாத்திரை கொடுப்போம் என்று பெட்டியைத் திறந்தால், புட்டியில் ஒன்றே ஒன்று கிடக்கிறது. “ஒரு நாளும் விடலங்க. அந்தப் பூட்டு இழுத்தாலே தெறந்துக்கிரும். கொழுந்தெடுக்கையில மலையாளத்துக்காரிகளோட பேசிப் பேசி எனக்கு எல்லாம் வெளங்கும்” என்றாள் சுருளி. அவளுக்கு வேர்வை நிற்காதபோதே நான் யோசித்திருக்க வேண்டும். “அப்பவே சொன்னா என்னடி?” என்றேன். “சொல்ல விட்டீகளா?” என்றாள். அவள் முன்னாலேயே அழுதுவிட்டேன். நாளை அடுத்த புட்டி வாங்கவும், கை வலியை டாக்டரிடம் காட்டவும் போகிறோம். பேசப் போவது அவள். நான் வாயைத் திறக்கக் கூடாதாம்.